பழைய பிராசஸரைத் தூக்கிப் போடலாமா?



புது கம்ப்யூட்டர் வந்ததும் பழசை என்ன பண்றோம்? மானிட்டரை யாராவது கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. கீபோர்டு தம்பிக்கு விளையாட. பிராசஸர் மட்டும் ஆணி, தீர்ந்த பேட்டரியோட ஒரு டப்பாவில் கிடக்கும். நம்ம லேப் அலமாரியிலும் பென்டியம் 4 இரண்டு மூன்று தூங்குது. அதை ஏன் வெளியே எடுக்கக் கூடாது?

கீ-செயின் பண்ணலாம் என்கிறார்கள் சிலர். பண்ணலாம், ஆனா 478 கால்களும் பாக்கெட்டைக் கிழிச்சிடும்! ஆசிட்டில் போட்டுத் தங்கம் எடுக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். தங்கம் இருப்பது உண்மை. ஆனால் மெல்லிய முலாம், அவ்வளவுதான். நைட்ரிக் அமிலப் புகை நுரையீரலைக் கெடுக்கும். மிச்ச அமிலத்தை எங்கே ஊத்துவது? குன்னூர் ஓடையில் ஊத்தினால் மேட்டுப்பாளையத்தில் பவானியில் கலக்கும். கீழே எத்தனையோ ஊர் அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது.

என் யோசனை வேறு. சி.பி.யு. பற்றிப் படிக்கிறோம், படம் வரைகிறோம், மார்க் வாங்குகிறோம். கையில் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? பாதிப் பேர் கேபினெட் பெட்டியையே சி.பி.யு. என்கிறோம்! ஓடாத மதர்போர்டு ஒன்றையும் இந்த பிராசஸரையும் மேசையில் வைத்தால் போதும். லீவரைத் தூக்கி, மூலை அடையாளத்தைப் பொருத்தி வைத்தால், அழுத்தாமலே உள்ளே இறங்கும். கால் வளைஞ்சிருந்தா லெட் இல்லாத மைக்ரோ டிப் பென்சில் நுனியில் மாட்டி மெதுவா நிமிர்த்தலாம். பக்கத்தில் ஒரு சார்ட்: 1971-ல் வந்த இன்டெல் 4004-ல் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்; 2000-ல் வந்த முதல் பென்டியம் 4-ல் 4 கோடியே 20 லட்சம்.

"உடைஞ்சா?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். உடையட்டுமே சார், அதுக்குத்தானே பழசு! புதுசில்தான் கை வைக்க விடுவதில்லையே.

பழசுக்கு வேலை இல்லை என்றால் நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம ரயிலையே பாருங்க. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் இன்ஜின். ஆனா கல்லாறு தாண்டி, பல்சக்கரம் இல்லாமல் ஏறவே முடியாத ஏற்றத்தில், குன்னூர் வரை நீராவி இன்ஜின்தான்.

ஒன்று மட்டும். ஷூவுக்கே பூஞ்சை பிடிக்கிற ஊர் இது. புது ஷூ பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு மூடின டப்பாவில் வைக்கணும்.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் உள்ள பொருளை எடுக்க ஹெச்.எம். அனுமதி வேணுமாம். கேட்போம். வீட்டில் ஓடாத மதர்போர்டு கிடந்தால் கொண்டு வாங்க. சாக்கெட் 478 தானா என்று பார்த்துட்டு!

- பிளஸ் ஒன் மாணவன்