முத்துக்கரையில் மும்மொழிச் சுமையா?

கடலடியில் மூச்சடக்கி முத்தெடுத்து உலகுக்கு ஈந்தது கொற்கைக் கரை. பார் எங்கே கிடக்கிறது, வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் எப்போது வீசும் என்னும் பரதவரின் கடலறிவு முழுவதும் தமிழிலேயே பிறந்தது. தந்தை வாயினின்று மகன் செவிக்குத் தமிழிலேயே சென்றது. அங்குச் சமயம் பரப்ப வந்த போர்த்துகீசிய நாட்டு அண்டிரிக்கு அடிகளாரும் முதலில் தாம் தமிழ் கற்றார். 1586-இல் ‘அடியார் வரலாறு’ என்னும் நூலைத் தமிழிலேயே அச்சேற்றினார். கற்பிக்க வருபவனே கற்பவனின் மொழியை நாடி வரவேண்டும் என்பதை அயலாரும் அன்று உணர்ந்திருந்தனர்.

இன்றைய தில்லிக்கு அவ்வுணர்வு உண்டா?

1961-க்குப் பின் அக்கடலில் பேரளவு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. தோணியில் சென்றவன் மகன் துறைமுக வாயிலில் வேலை கேட்டு நிற்கிறான். வாழ்க்கை மாறிற்று, கல்வியும் மாறத்தான் வேண்டும். ஆனால், அதை மாற்றுவோர் யார், எதற்காக மாற்றுகின்றனர் என்பதே வினா.

நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல், அரசமைப்பின் 42-ஆம் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலினின்று பறித்துப் பொதுப்பட்டியலில் சேர்த்தது. அவ்வழியே வந்து நிற்பதுதான் 2020-ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கை. ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழிவழிக் கல்வி என்று அது இனிக்கப் பேசுகிறது. கூடவே மூன்றாம் மொழியையும் சுமத்துகிறது. இந்தியென்று பெயர் குறிக்கவில்லை என்பர். சமற்கிருதத்துக்கு எல்லா நிலையிலும் இடம் விரிக்கும் கொள்கையின் நோக்கம் அறியாதாரா தமிழர்? 1968-இல் தமிழக அரசு இருமொழிக் கொள்கையை ஏற்றது மொழிப்போர் ஈகியரின் குருதி காயுமுன்னன்றோ!

பரதவச் சிறுவனுக்குத் தேவை மூன்றாம் மொழியன்று; தன் மொழியில் மேற்கல்வி. 1973-இல் நடுவண் கடல்மீன் ஆய்வு நிலையத்தார் தூத்துக்குடியிலேயே வளர்ப்புமுத்தை உருவாக்கிக் காட்டினர். 1977-இல் அங்கே மீன்வளக் கல்லூரி எழுந்தது. ஆயினும், மீன்வளப் பட்டப்படிப்பு ஆங்கிலத்திலேயே நடக்கிறது. மீனின் பெயரையும் நீரோட்டத்தின் போக்கையும் பிறவியிலேயே அறிந்தவன், அவற்றை அயன்மொழியில் சொல்லத் தெரியாமையால் அறிவிலியாக்கப்படுகிறான்.

இக்குற்றம் தில்லியை மட்டும் சார்ந்ததன்று. 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்துவிட்டது தமிழகம். முன்வாயிலில் இந்தியைத் தடுத்துப் பின்வாயிலில் தமிழை வெளியேற்றுவது மொழிக்காப்பு ஆகாது.

கல்வி மாநிலப் பட்டியலுக்கு மீளவேண்டும். கடலியலும் கப்பலியலும் மீன்வளமும் பட்டநிலைவரை தமிழில் வரவேண்டும். தமிழில் கற்றவனுக்கே தமிழ்நாட்டில் வேலையில் முதலிடம் வேண்டும். இம்மூன்றையும் செய்யாத சீர்திருத்தம் வெறுஞ்சிப்பி, அதனுள் முத்தில்லை.