பளிக்கறையும் சுத்தியலும்

மணிமேகலையின் உவவனத்தில் ஒரு பளிங்கு மண்டபம் இருக்கிறது. உள்ளே இருப்பவரின் உருவத்தை வெளியே காட்டும். குரலை மட்டும் வெளியே விடாது. உதயகுமரன் வருவதை அறிந்த சுதமதி, மணிமேகலையை அதனுள் புகச்செய்து தாழிட்டுக்கொள்ளச் சொல்கிறாள். கண்ணுக்குத் தெரிகிறவளை அரசிளங்குமரனால் நெருங்க முடியவில்லை. சாத்தனாரின் கற்பனையில் இதைக் காவல் என்றே வாசித்துப் பழகியிருக்கிறோம். அந்தக் காவலின் உயிர்நிலை பளிங்கில் இல்லை, தாழில் இருக்கிறது. தாழ் உள்ளே இருப்பவளின் கையில் இருந்ததால்தான் அது காவலாயிற்று. தாழை எடுத்துவிட்டால் அதே மண்டபம் சிறை.

இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களில் அந்தப் பளிக்கறை மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டிச் செய்யும் லேமினேட்டட் கண்ணாடி, முன்பெல்லாம் முகப்புக் கண்ணாடிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இப்போது உயர்விலைக் கார்களின் பக்கவாட்டு ஜன்னல்களுக்கும் வந்துவிட்டது. வெளிச்சத்தம் குறையும், கள்வன் எளிதில் உடைக்க முடியாது, விபத்தில் பயணி வெளியே தூக்கி எறியப்படுவது தடுக்கப்படும் என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். மூன்றும் உண்மை. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே ஒருமுறை சிக்கிக்கொண்டவர்கள், அந்த இரைச்சலையும் தூசியையும் தடுக்கும் எதையும் வரவேற்கவே செய்வார்கள். தண்டையார்பேட்டையில் குடியிருப்பவர்களுக்கு அமைதி ஆடம்பரம் அன்று.

ஆனால் தாழ் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

முதலில் கண்ணாடிகளைப் பற்றி. பெரும்பாலான கார்களின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் இருப்பது, மெக்கானிக்குகள் 'டஃபன் கிளாஸ்' என்று சொல்லும் பதப்படுத்திய கண்ணாடி. அதனை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சட்டெனக் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பின்னர் சுருங்க முயல்கிறது. அதனால் மேற்பரப்பில் அமுக்கமும் உள்ளே இழுவிசையும் நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன. உள்ளங்கையால் எவ்வளவு ஓங்கி அறைந்தாலும் தாங்கும் இக்கண்ணாடி, கூர்முனை ஒன்று அந்த மேல்தோலைத் துளைத்த கணமே முழுவதும் சிறு துணுக்குகளாக உதிர்ந்துபோகும். தப்பிக்கும் கருவிகள் எல்லாம் இந்த ஒரே பலவீனத்தை நம்பிச் செய்யப்பட்டவை.

லேமினேட்டட் கண்ணாடிக்கு அந்தப் பலவீனம் இல்லை. பிரெஞ்சுக்காரரான எதுவார் பெனெதிக்துஸ் 1903-இல், கீழே விழுந்தும் சிதறாத ஒரு குடுவையைக் கவனித்ததிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. குடுவையின் உட்புறம் படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் உடைந்த சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909-இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்று அந்தப் படலத்தின் இடத்தில் பாலிவினைல் பியூட்டிரல் இருக்கிறது. கண்ணாடி விரிசல் விடும். சிலந்தி வலைபோல் வெளுக்கும். ஆனால் படலம் விடாது. காப்பாற்றுவதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பிடிவாதம்தான் வெளியேற வேண்டிய நேரத்தில் எதிரியாகிறது.

அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. மூன்று சுத்தியல் வகை. மூன்று, அழுத்தினால் உள்ளிருக்கும் முள் பாயும் ஸ்பிரிங் வகை. பதப்படுத்திய கண்ணாடியை ஆறில் நான்கு உடைத்தன. ஸ்பிரிங் வகையே மேலானதாக இருந்தது. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. அந்நாட்டில் 2018-ஆம் ஆண்டு மாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பக்கவாட்டில் லேமினேட்டட் கண்ணாடி கொண்டவை என்றும் அது சொன்னது. ஜப்பானின் வாகனச் சங்கமும் இத்தகைய சோதனையைச் செய்திருக்கிறது. இருக்கையின் தலைச்சாய்வு, குடை, செல்பேசி, சாவி, சில்லறை நிரப்பிய பை எதுவும் சாதாரணப் பக்கக் கண்ணாடியைக்கூட உடைக்கவில்லை. தலைச்சாய்வைக் கழற்றி அதன் கம்பியால் உடைத்துக்கொள்ளலாம் என்று குறுஞ்செய்திகளில் ஆண்டுதோறும் சுற்றிவரும் அறிவுரையை இதற்குப் பிறகும் நாம் பரப்பிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே, 'எந்தக் கருவியை வாங்குவது?' என்ற கேள்வி பாதியில் தொடங்குகிறது. 'என் வண்டியில் எந்தக் கண்ணாடி எங்கே இருக்கிறது?' என்பதே முதற்கேள்வி. விடை கண்ணாடியின் மூலையிலேயே பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து புரியாவிட்டால் ஜன்னலைப் பாதி இறக்கி மேல்விளிம்பைப் பார்க்கலாம். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு கோடு ஓடினால் அது லேமினேட்டட். முன்கதவுகளில் மட்டும் லேமினேட்டட் வைத்து, பின்கதவுகளிலும் பின்புறத்திலும் பதப்படுத்திய கண்ணாடியை விட்டிருக்கும் கார்கள் உண்டு. அப்படியானால் உடைக்க வேண்டிய ஜன்னல் எது என்பது வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். உயர்விலைக் கார்கள் சில ஆண்டுகளில் கைமாறி வடசென்னையின் தெருக்களுக்கும் வந்து சேர்கின்றன. அவற்றோடு கையேடு வருவதில்லை.

அதன்பின் கருவி. சிறியதாக இருந்தாலும் ஸ்பிரிங் வகையையே நாம் பரிந்துரைப்போம். நீருக்குள் சுத்தியலை வீச முடியாது. நீர் கையின் வேகத்தை உறிஞ்சிவிடும். ஸ்பிரிங்குக்கு வீச்சு வேண்டியதில்லை. வயதானவரும் குழந்தையும்கூட அதை அழுத்திவிட முடியும். இருக்கைப் பட்டையை அறுக்கும் கத்தி அதிலேயே இருக்க வேண்டும். கண்ணாடியின் நடுவில் அன்று, மூலையில் வைத்து அழுத்த வேண்டும், நடுப்பகுதி வளைந்துகொடுக்கும். டிக்கியிலோ டாஷ்போர்டுப் பெட்டியிலோ போட்டு வைத்தால் அது கருவியே இல்லை. பட்டை மாட்டிய நிலையில் கைக்கு எட்ட வேண்டும். வாங்கியதை நம்பாதவர்கள் புதுப்பேட்டையில் கழித்துப்போட்ட ஒரு கதவுக் கண்ணாடியை வாங்கி, கண்ணுக்குக் கவசம் அணிந்து சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடியில் கருப்புப் படலம் ஒட்டியிருந்தால், உடைந்த பின்னும் அது உதிராமல் தொங்கும். தோளாலோ காலாலோ வெளியே தள்ள வேண்டியிருக்கும். அத்தகைய படலங்களை 2012-இல் உச்சநீதிமன்றம் தடை செய்தது குற்றங்களை எண்ணித்தான். தடையை மீறி ஒட்டுகிறவர்கள் இந்த ஆபத்தையும் சேர்த்தே ஒட்டிக்கொள்கிறார்கள்.

நான்கு பக்கமும் லேமினேட்டட் என்றால்? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எந்தக் கருவியையும் நம்பக் கூடாது என்பதே நேர்மையான விடை. தீயணைப்பு வீரர்கள் அதை ரம்பத்தால் அறுக்கிறார்கள். அறுக்க நேரம் வேண்டும். அந்நிலையில் கருவியின் இடத்தை நேரம் எடுத்துக்கொள்கிறது. நீரில் விழுந்த கார் உடனே மூழ்குவதில்லை. அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை மிதக்கும். குளிர்நீர் உயிர்பிழைப்பை ஆராயும் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்: பட்டையைக் கழற்று, ஜன்னலை இறக்கு, குழந்தைகளை முதலில் வெளியேற்று, நீயும் வெளியேறு. செல்பேசியில் உதவி கேட்பது அதற்குப் பின். கதவை நம்பி நிற்கக் கூடாது. ஒரு மீட்டர் அகலக் கதவுக்கு வெளியே அரை மீட்டர் நீர் நின்றாலே, உள்ளே நீர் புகாத நிலையில், ஏறத்தாழ 125 கிலோ எடைக்கு நிகரான விசை அதை அழுத்துகிறது.

இவை எங்கோ நடப்பவை என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஓர் அரசு மருத்துவர் இறந்தார். 2023 மே மாதத்தில் பெங்களூருவின் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் ஓர் இளம்பெண் இறந்தார். 2024 செப்டம்பரில் ஃபரிதாபாதின் ரயில்வே சுரங்கப்பாதையில் வங்கி ஊழியர் இருவர் இறந்தனர். எல்லாம் நகரத்து மழைநீர். ஆறும் அன்று, கடலும் அன்று. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்காலந்தோறும் நீர் நிற்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எந்தத் தெரு, எது கால்வாய் என்று தெரியாமல் கிடந்த ஊர் இது. இத்தகைய சாவுகளில் எத்தனை கண்ணாடியால் நேர்ந்தவை என்று நாம் சொல்ல வரவில்லை. நீர் நிற்கும் சுரங்கப்பாதையில் வண்டியை இறக்காமலிருப்பதே எல்லாக் கருவிகளிலும் சிறந்தது. அதை இறக்கவிடாமல் தடுப்பு வைப்பது மாநகராட்சியின் வேலை. அங்கே நீர் நிற்காமல் செய்வது அதனினும் முந்திய வேலை.

நெருப்பின் கணக்கு வேறு. 2013 அக்டோபர் 30 அன்று, அப்போதைய ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே தீப்பற்றிய குளிர்சாதனப் பேருந்தில் 45 பேர் இறந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபர் 14 அன்று ஜெய்சல்மேர் அருகே ஒரு பேருந்தில் 20-க்கும் மேற்பட்டோர். பத்தே நாளில், அக்டோபர் 24 அன்று, கர்நூல் அருகே ஐதராபாத் - பெங்களூரு படுக்கைப் பேருந்தில் 19 பயணிகள். கர்நூலில் உயிர் பிழைத்தவர்களில் பலர் ஜன்னலை உடைத்து வெளியே குதித்தவர்கள். இந்த இடைவெளியில் விதிகள் எழுதப்படாமல் இல்லை. பேருந்துகளுக்கான கட்டுமானத் தரவிதி அவசர வழிகளையும் கூரைத் திறப்பையும் கேட்கிறது. ஆனால் நாம் ஏறும் பேருந்துகளில் சுத்தியல் மாட்டுமிடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். கேட்டால், 'திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள், டிரைவர் கேபினில் பத்திரமாக இருக்கிறது' என்பார்கள். தாழைப் பத்திரப்படுத்தி வாயிற்காவலனிடம் கொடுத்துவிட்டோம்.

பேருந்தின் முகப்புக் கண்ணாடி எப்போதும் லேமினேட்டட்தான். பழைய பேருந்துகளில் அது ரப்பர் பீடிங்கில் செருகப்பட்டிருந்தது. கூட்டாக உதைத்தால் சட்டத்தோடு பெயர்ந்துவிடும். இன்று பசையால் உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். வண்டியின் உறுதி கூடியது. ஒரு வாசல் மறைந்தது. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் புறப்பட்டன; அதே ஆண்டு குளிர்சாதன மின்பேருந்துகளும் நகருக்குள் வந்தன. வரவேற்போம். திறக்காத ஜன்னல்களின் காலம் நம் பேட்டைக்கும் வந்துவிட்டது என்பதையும் அவற்றோடு சேர்த்தே வரவேற்கிறோம்.

லேமினேட்டட் கண்ணாடி வேண்டாம் என்று வாதிடுவது நம் நோக்கமன்று. வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டுச் சாவதைத் தடுப்பது சிறிய நன்மையல்ல. நீரில் மூழ்கும் கார்களைவிடச் சாலையில் உருளும் கார்களே அதிகம். நாம் கேட்பது, காவலைத் தருகிறவர்கள் தாழையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது. எந்த ஜன்னல் உடையும், எது உடையாது என்பதை வண்டிக்குள்ளேயே, தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் உடைக்கத்தக்க ஒரு ஜன்னலாவது, அல்லது மின்சாரம் அற்ற நிலையிலும் கையால் விடுவிக்கத்தக்க ஒரு திறப்பாவது கட்டாயமாக்கப்பட வேண்டும். கருவி விற்பவர், 'லேமினேட்டட் கண்ணாடிக்குப் பயன்படாது' என்பதை உறையின் மேலேயே அச்சிட வேண்டும். தகுதிச் சான்றுக்கு வரும் பேருந்தில் சுத்தியல் அதன் இடத்தில் இல்லையென்றால் சான்று மறுக்கப்பட வேண்டும்.

பாதுகாப்பைத் தனிமனிதர் காசு கொடுத்து வாங்கும் பொருளாக மாற்றிவிட்டு, பொதுக்கடமையிலிருந்து அரசும் நிறுவனங்களும் நழுவிக்கொள்வதை நாம் அறிவோம். சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு சிறு கருவி அந்த நழுவலுக்கு ஒப்புதல் ஆகிவிடக் கூடாது. ஆனாலும் அடுத்த மழை, சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்காது. ஆகையால் கருவியையும் வாங்குங்கள், கேள்வியையும் கைவிடாதீர்கள். இரண்டுக்கும் முன்னால் இன்று மாலை கீழே இறங்கிப்போய், உங்கள் வண்டியின் ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிடுங்கள். எத்தனையோ நூல்களை வரிவரியாக வாசிக்கிற நமக்கு, அந்தப் பொடி எழுத்தில் ஒரே ஒரு சொல்லை வாசிப்பது கடினமாக இராது.