முதலில் யார் துப்பாக்கியைப் பிடுங்குவது?

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சுடப்பட்டுச் செத்தால் போதும், நம்மூர் நடுப்பக்கங்களில் மறுநாளே பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்தால் குற்றம் குறையுமா, குறையாதா? துப்பாக்கி இருந்தால்தான் நல்லவன் தன்னைக் காப்பாத்திக்க முடியும் என்கிறது ஒரு அணி. துப்பாக்கி இல்லாத ஊரில்தான் நல்லவன் பிழைப்பான் என்கிறது இன்னொரு அணி. ரெண்டு அணிக்கும் பொதுவான ஆள் இந்த 'நல்லவன்'. யார் இவன்? என்ன நிறம்? எந்தத் தெருக்காரன்? இவனை நல்லவன் என்று சீல் குத்திக் கொடுத்த அதிகாரி யார்? இதைக் கேட்காத வரை அந்தப் பட்டிமன்றத்தில் நமக்கு வேலையில்லை.

அமெரிக்க வரலாறே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர்கள் குடிமக்களே அல்ல என்று தலைமை நீதிபதி டேனி தீர்ப்பெழுதினார். அவர்களைக் குடிமக்களாக ஏற்றால் என்னென்ன விபரீதம் வரும் என்று ஒரு பட்டியலும் போட்டார். போகிற இடமெல்லாம் ஆயுதம் எடுத்துப் போவார்கள் என்பது அதில் ஒன்று. அடிமைமுறை ஒழிந்த 1865ஆம் வருசமே, விடுதலையான கறுப்பர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்று மிசிசிப்பி மாநிலம் சட்டம் போட்டது. 1956இல் மாண்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. அகிம்சை பேசிய அந்த மனிதரே கைத்துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். இல்லை என்றுவிட்டார்கள். 1967 மே மாதம் கறுப்புச் சிறுத்தைகள் கலிபோர்னியா சட்டமன்றக் கட்டிடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்திப் போவதைத் தடுக்கும் மல்ஃபோர்டு சட்டத்தில் அந்த வருசமே கையெழுத்துப் போட்டவர் ரொனால்ட் ரீகன். துப்பாக்கி உரிமைக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற தேசிய ரைபிள் சங்கம் அன்றைக்கு அந்தக் கட்டுப்பாட்டை ஆதரித்தது. 2016இல் மின்னசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைக் காரை நிறுத்திய போலீஸ்காரரிடம் சொன்னார். முறையாக உரிமம் பெற்ற துப்பாக்கிதான். காருக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் அடுத்த வருசம் விடுதலை. உரிமம் இருந்தும் அவர் 'நல்லவன்' ஆகவில்லை.

அப்படின்னா எல்லாருக்கும் ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துட்டா சமமாயிடுமா? ஆகாது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். மக்கள்தொகையில் அவர்கள் ஏழில் ஒரு பங்குதான். துப்பாக்கி மலிந்த நாட்டில் முதல் பிணம் ஒடுக்கப்பட்டவன் வீட்டில்தான் விழுகிறது. ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டுப்பாடு யாரிடமிருந்து தொடங்குகிறது என்பதுதான் கேள்வி.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1878ஆம் வருச ஆயுதச் சட்டம் வெள்ளைக்காரருக்கு விலக்குக் கொடுத்து, இந்தியனை உரிமம் கேட்டு நிற்க வைத்தது. அதை எதிர்த்த காங்கிரஸ், 1931 கராச்சித் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அடிப்படை உரிமைகளில் சேர்த்துக்கொண்டது. வெள்ளைக்காரன் போனான். 1959இல் புதிய சட்டம் வந்தது. பிறப்பால் விலக்கு என்பது மட்டும் முழுசாகப் போகவில்லை. குடகு இனத்தாருக்கும், அங்கே ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் சில வகைத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை என்ற விலக்கை 2019இல் மத்திய அரசு மேலும் பத்தாண்டு நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. குடகர்மேல் நமக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பிறப்பை நம்பி அரசாங்கம் துப்பாக்கி கொடுக்கும் என்றால், இன்னொரு பிறப்பைப் பார்த்து அது ஏன் பயப்படுகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் அம்பேத்கரைக் கொண்டுவருவார்கள். சரியாகவே கொண்டுவருகிறார்கள். இந்த நாட்டில் ஏன் சமூகப் புரட்சி நடக்கவில்லை என்பதற்கு 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, நால்வர்ணம் கீழே இருப்பவனிடம் ஆயுதம் இல்லாமல் செய்துவிட்டது என்பது. அதே அம்பேத்கர்தான் 1948 டிசம்பரில், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்கச் சொல்லி அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தத்தை எதிர்த்தார். திருத்தம் தோற்றது. 'முன்னுக்குப் பின் முரண்' என்று சிரிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும். நிலமும் பணமும் ஒரு பக்கமே குவிந்து கிடக்கிற நாட்டில் எல்லாருக்கும் ஆயுத உரிமை என்று எழுதினால், மறுநாள் காலை கடைக்குப் போய் வாங்கக்கூடியவன் யார்? கூலிக்காரனா, பண்ணையாரா? ஆயுதத்தில் ஏகபோகம் கூடாது என்பது 1936. அந்த ஏகபோகத்துக்கு உரிமை என்று பேர் வைக்கக்கூடாது என்பது 1948. ரெண்டையும் நான் ஒரே வரியாகத்தான் வாசிக்கிறேன்.

ஏகபோகம் என்ன செய்யும் என்பதற்கு வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு மிராசுதாரின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். சுட்டதும் சனங்கள் சிதறி ஓடினார்கள். ஓட முடியாத பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் ஒரு குடிசைக்குள் புகுந்தார்கள். குடிசைக்குத் தீ. 44 பேர். பண்ணையார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பீகாரில் நிலவுடைமையாளர்களின் ரண்வீர் சேனையை 1995இல் அரசு தடை செய்தது. தடைக்குப் பிறகுதான் 1996இல் பதானி தோலாவில் 21 பேர், 1997 டிசம்பர் 1 இரவு லட்சுமண்பூர் பாத்தேயில் 58 பேர் கொல்லப்பட்டார்கள். இயக்கத்துக்குத் தடை, துப்பாக்கிக்கு இல்லை. இரண்டு வழக்கிலும் தண்டிக்கப்பட்டவர்களை 2012, 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

சட்டம் இல்லையா? இருக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் வந்த விதிகளில் மூன்றாவது விதியை ஒவ்வொரு தோழரும் மனப்பாடம் பண்ண வேண்டும். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே தலித், பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர்களின் உரிமங்கள் வரைக்கும் விதி போகிறது. அந்தத் துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் வாங்கி வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். இதெல்லாம் சொன்ன பிறகு, தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் தற்காப்புக்கு உரிமம் கொடுக்கலாம் என்கிறது. வரிசையைப் பாருங்கள். முதலில் அடிக்கிறவன் கையைக் காலியாக்கு. அடி வாங்குகிறவனுக்கு ஆயுதம் என்பது கடைசி. ஆனால் பேச்சு வந்தாலே 'ஐயோ, தலித்துக்குத் துப்பாக்கியா' என்று கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் கூச்சல் போடுகிறார்கள். முதல் வரிகளைப் பற்றி மூச்சு இல்லை.

'அந்தக் கடைசி வரியையாவது கொடு' என்று கலெக்டர் ஆபீசுக்குப் போனால் என்ன நடக்கும்? போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமம் மறுக்கக்கூடாது என்று ஆயுதச் சட்டம் 14ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்து நல்ல எழுத்துதான். ஆனால் உரிமம் கேட்டால் பக்கத்துக் காவல் நிலையத்தின் அறிக்கை வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. சேரிக்காரன் கொடுத்த வன்கொடுமைப் புகாரைப் பதிவு பண்ணாமல் இழுத்தடிக்கிற அதே ஸ்டேஷன்தான், அவன் உயிருக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று எழுதித் தர வேண்டும். புகாரே இல்லை, அப்புறம் ஆபத்து எங்கிருந்து வரும்?

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை வாசலில் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒரு காவலாளி உட்கார்ந்திருக்கிறார். பணத்துக்கு ஆபத்து உண்டு என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. லாக்கரில் கிடக்கிற நகைக்கு இருக்கிற உயிர்ப்பயம்கூடச் சேரியில் இருக்கிற மனுசனுக்கு இருப்பதாக அரசாங்கம் நம்புவதில்லை. தேர்தல் அறிவித்ததும் இன்னொரு வேடிக்கை நடக்கும். உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வரும். மீசைக்காரர்கள் வரிசையில் நின்று ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிப் போவார்கள். வங்கிக் காவலாளிக்கு விலக்கு. ஆக, யாரிடம் எத்தனை இருக்கிறது என்ற பட்டியல் அரசிடம் இருக்கிறது, வாங்கி வைக்கவும் தெரிகிறது. ஓட்டுப்பெட்டிக்கு ஆபத்து என்றால் முடிகிற வேலை, சேரிக்கு ஆபத்து என்றால் ஏன் முடியவில்லை?

'தமிழ்நாட்டில் தலித்துகளைக் கொன்றது துப்பாக்கியா?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1997 ஜூன் 30இல் மேலவளவில் முருகேசனையும் ஐந்து பேரையும் வெட்டியது அரிவாள். அரிவாளுக்கு லைசென்ஸ் கிடையாது. துப்பாக்கிச் சட்டத்தால் மட்டும் சாதி வன்முறை நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உரிமத் துப்பாக்கி அரசாங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதிகாரம். அது சுவரில் தொங்கினாலே போதும், கீழே நிற்கிறவன் கூலி கேட்கும்போது குரல் தணிந்துவிடும். சுடாமலே நடக்கிற இந்தக் குற்றம் எந்தக் குற்றக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மாணவத் தோழர்களே, இனி பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். பத்து ரூபாய் செலவு பண்ணித் தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டந்தோறும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாவட்டத்தில் இப்போது எத்தனை துப்பாக்கி உரிமங்கள் இருக்கின்றன? 1995 முதல் இன்றுவரை வன்கொடுமைத் தடுப்பு விதி 3இன்படி எத்தனை உரிமங்களை ரத்து செய்தீர்கள்? அதே விதிப்படி தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் எத்தனை கொடுத்தீர்கள்? வருகிற பதிலை அப்படியே துண்டறிக்கையாக அடித்து ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒட்டுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும், கட்டாயம் வேண்டும். அது மேலத்தெருவில் தொடங்கட்டும்.