மேட்டூர் சாம்பலும், மெல்லிய கவசமும்!

மேட்டூர் போயிருக்கிறீர்களா? அணையோடு சேர்ந்து கண்ணில் படுவது அனல் மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள். 1,440 மெகாவாட் திறன் கொண்ட நிலையம் அது.

இது மாதிரி நிலையங்களுக்குப் பெரிய தலைவலி, சாம்பல். நம் நாட்டு நிலக்கரியில் சுமார் 30 முதல் 45 சதவிகிதம் சாம்பல்தான். கொதிகலனுக்குள் அது மணல் மாதிரி பறந்து, குழாய்களை உரசி உரசித் தேய்க்கும். ஒரு குழாயில் ஓட்டை விழுந்தாலும் யூனிட்டை நிறுத்தி, ஆறவைத்துத்தான் சரிசெய்ய முடியும். அதுவரை உற்பத்தி கட்!

இதற்கு உலகெங்கும் கைகொடுப்பது 'தெர்மல் ஸ்பிரே கோட்டிங்'. பெயின்ட் ஸ்பிரே மாதிரிதான். பெயின்ட்டுக்குப் பதில் உலோகம். 1910 வாக்கில் சுவிட்சர்லாந்தின் மேக்ஸ் ஷூப் தொடங்கிவைத்த உத்தி இது.

1980-களில் வந்த 'ஹெச்.வி.ஓ.எஃப்' முறையில், குரோமியம் கார்பைடு கலந்த பவுடர் ஒலியைவிட வேகமாகப் பாய்ந்து குழாயில் அப்பிக்கொள்ளும். வேகம் கூடினால் பூச்சில் நுண்துளைகள் குறையும், தேய்மானமும் குறையும். பூச்சின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது!

அடுத்த கட்டம், பவுடரை உருக்காமல் வேகத்தாலேயே ஒட்டவைக்கும் 'கோல்டு ஸ்பிரே'. ஐதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ ஆய்வு மையத்தில் இதற்கான ஆராய்ச்சி நடக்கிறது.

ஆனால், துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்காமல் அடித்தால் எந்தப் பூச்சும் உரிந்துவிடும். நன்றாக ஒட்டிய பூச்சும் தேயத்தான் செய்யும். குழாய்க்குப் பதிலாகத் தான் தேய்வதுதானே அதன் வேலை! அதனால், பராமரிப்புக்காக யூனிட்டை நிறுத்தும்போதெல்லாம் தடிமனை அளந்து பார்ப்பது முக்கியம். நம் வீட்டு ஃபேன் நிற்காமல் சுற்ற, அந்த அரை மில்லிமீட்டர் கவசமும் ஒரு காரணம்.