பாசி எடுக்கும் பெண்களுக்குச் சட்டம் தெரியட்டும்

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாய் மதிப்பில் அமையும் கடற்பாசிப் பூங்காவின் பயிற்சிகளில், பாசி எடுக்கும் பெண்களுக்கான உரிமைக் கல்வியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்தெடுப்பது பாம்பன், சின்னப்பாலம் பெண்களின் தலைமுறைத் தொழில். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாப் பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், அதே தொழில் அத்துமீறலாகிவிட்டது. பவளப்பாறைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பதென்று தமக்குத்தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்ட பெண்களைக் கடலின் பகைவர்களாக நடத்துவது அநீதி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். நீர்நிலைகளின் விளைபொருள்கள் மீதான சமூக உரிமையும் அதில் உண்டு. மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்துவருவதை நிறுவி, கிராம சபை வழியாக அந்த உரிமையைக் கோரலாம். இதை அந்தப் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது யார்? சட்ட விழிப்புணர்வு ஊட்டுவது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. நகரத்து மண்டபத்தில் நடக்கும் ஒருநாள் முகாம் இதற்குப் போதாது. பூங்காவின் பயிற்சிகளோடு இணைத்து, பெண்கள் கடலுக்குப் போகாத நாள்களில் மீனவக் கிராமங்களுக்கே சென்று, மனு எழுதுவதிலிருந்து பாசியைப் பறிமுதல் செய்தால் ரசீது கேட்பதுவரை கற்றுத்தர வேண்டும். வனத்துறை, மீன்வளத்துறை அதிகாரிகளும் அங்கே வந்து அமர்ந்து பதில் சொல்ல வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் இதைத் தொடங்க வேண்டும்.