முதலில் மூப்படைவது ரப்பர்

அமெரிக்காவில் முப்பது ஆண்டுகள் உழைத்த ஒரு பிக்கப் டிரக் கைவிடப்படும்போது, 'துரு தின்றுவிட்டது' என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். பனிக்காலத்தில் சாலைகளில் உப்பு தூவும் வடமாநிலங்களில் துரு கீழிருந்து ஏறுவது உண்மைதான். ஆனால் ஓட்டுநரின் காலடி விரிப்புக்கு அடியில், உள்ளிருந்தே தகட்டை அரிக்கும் துருவுக்குப் பல வண்டிகளில் காரணம் வேறு. கதவோர ரப்பர் பட்டை வெடித்துச் சுருங்கி, மழைக்கு எப்போதோ வழிவிட்டிருக்கும்.

ஆங்கிலத்தில் வெதர்ஸ்ட்ரிப் என்றும், நம் ஊர்ப் பட்டறைகளில் பீடிங் என்றும் வழங்கும் இப்பட்டை ஒன்றல்ல, மூன்று. கதவைச் சுற்றிக் குழல்போல் அமைந்து அமுங்குவது ஒன்று. கண்ணாடி ஏறியிறங்கும் பள்ளத்தில் 'ப' வடிவில் கிடப்பது மற்றொன்று. கண்ணாடி கதவுக்குள் இறங்குமிடத்தில் அதன் முகத்தைத் துடைத்துவிடுவது மூன்றாவது. இயற்கை ரப்பரின் மூலக்கூறுத் தொடரிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் அறுத்துவிடும். 1960களில் புழக்கத்துக்கு வந்த ஈ.பி.டி.எம். ரப்பரின் முதன்மைத் தொடரில் அப்பிணைப்புகள் இல்லையாதலால் அது நெடுநாள் தாங்குகிறது. ஆயினும் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக் கிடந்த ரப்பர் ஒருநாள் மீண்டெழ மறந்துபோகும்.

அப்போது பலர் கையிலெடுப்பது சிலிக்கோன் பசை. இடுக்கு கண்ட இடமெல்லாம் பூசி, கதவின் அடியிலுள்ள துளைகளையும் அடைத்துவிடுகிறார்கள். இது வண்டிக்கு இழைக்கும் தீங்கென்றே கருதுகிறோம். கதவின் கூட்டுக்குள் நீர் இறங்குவது எதிர்பார்க்கப்பட்டதே. அது வடிவதற்கே அத்துளைகள். பட்டையின் பணி நீரை முற்றாக மறுப்பதன்று. அதற்குரிய வழியில் செலுத்துவது.

மாற்றும் வேலை கடினமானதல்ல, பொறுமை கோருவது. ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தால், தடையின்றி வரும் இடமே தளர்ந்த இடம். பழைய பசையைத் தகடு தெரியும்வரை சுரண்ட வேண்டும். புதிய பட்டையை இழுத்து நீட்டி ஒட்டலாகாது. அது தன் நீளத்துக்குத் திரும்பும்போது முனைகளில் இடைவெளி விழும். பெட்ரோலிய கிரீஸ் ஈ.பி.டி.எம்.மை உப்பவைக்கும், சிலிக்கோன் கிரீஸே தகும். புதுப் பட்டையால் கதவு சில நாட்கள் முரண்டு பிடிக்கும். உடனே பூட்டைத் திருகி நகர்த்தாமல் காத்திருப்பதே முறை.

ஆனால் பட்டை கிடைக்க வேண்டுமே! ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939) நாவலில், வழியில் பழுதான காருக்கு வேண்டிய இணைப்புத் தண்டை டாமும் ஆலும் பழைய வண்டிக் கிடங்கொன்றில் கண்டெடுக்கிறார்கள். இரும்புக்கு அவ்வழி உண்டு, ரப்பருக்கு இல்லை. கிடங்கில் கிடக்கும் வண்டியின் பட்டையும் அதே ஆண்டுகள் மூத்ததுதான். ஃபோர்டு எஃப் வரிசை போல ஏராளமாக விற்ற வண்டிகளுக்கு வெளியார் புதிதாக வார்த்துத் தருகிறார்கள். குறைவாக விற்றவற்றை யார் கவனிப்பார்?

மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2012இல் வாகனப் பழுதுநீக்கும் உரிமைக்கு ஒப்புதல் தந்தனர். 2020இல் கம்பியில்லா வழியில் அனுப்பப்படும் வண்டித் தரவுகளுக்கும் அதை விரித்தனர். இரண்டும் தகவலைப் பற்றியவை. வரவேற்கிறோம், ஆனால் போதாது. ஒரு பட்டையின் உற்பத்தியை நிறுத்தும் நிறுவனம், அதன் குறுக்குவெட்டு வரைபடத்தையும் ரப்பரின் கடினத்தன்மை அளவையும் பொதுவில் வைக்கக் கடமைப்பட்டதாக வேண்டும். அதனால் நிறுவனத்துக்கு இழப்பேதுமில்லை. தான் விற்பதையே நிறுத்திவிட்ட பொருள் அது. பிறகு சிறு ரப்பர் பட்டறை ஒன்று போதும், எஞ்சின் இன்னும் ஓடும் வண்டியை மழையிலிருந்து காப்பாற்ற.