வால்வு புதிது, தசை பழையது

மைட்ரல் வால்வு மாற்று அறுவைச் சிகிச்சை இரத்தம் செல்லும் வழியைச் சீராக்குகிறது. இதயத் தசையைப் புதுப்பிப்பதில்லை. அறுவைக்கு முன் தசை எந்த நிலையில் இருந்தது, வால்வைத் தாங்கும் இழைகளில் எவ்வளவு காப்பாற்றப்பட்டது, பிறகு கண்காணிப்பு எப்படி நடக்கிறது ஆகிய மூன்றைப் பொறுத்தே இதயத்தின் செயல்பாடு பெரிதும் அமைகிறது.

இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே இரண்டு இதழ்களுடன் இருப்பது மைட்ரல் வால்வு. இந்தியாவில் அது பழுதடைய முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறுவயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து தோன்றும் இக்காய்ச்சல், காலப்போக்கில் இதழ்களைத் தடிக்கவும் ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. 4 முதல் 6 சதுர செ.மீ. வரை இருக்க வேண்டிய திறப்பு 1.5 சதுர செ.மீ. அளவுக்கோ அதற்கும் கீழோ குறுகினால் அது கடுமையான சுருக்கம். இதழ்கள் முழுதாக மூடாவிட்டால் கசிவு.

சுருக்கத்தில் சுமை முழுவதும் மேலறையிலும் நுரையீரலிலும் வலப்பக்க இதயத்திலும் ஏறுகிறது. இடது கீழறைக்கு வரும் இரத்தமே குறைவு என்பதால் அதன் தசை பெரும்பாலும் கெடுவதில்லை. வால்வை மாற்றியதும் மேலறை அழுத்தம் இறங்குகிறது. நுரையீரல் அழுத்தமும் பலருக்குப் படிப்படியாகக் குறைந்து மூச்சிரைப்பு தணிகிறது.

கசிவின் கதை வேறு. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தின் ஒரு பகுதி அழுத்தம் குறைந்த மேலறைக்கே திரும்புகிறது. கூடுதல் இரத்தத்தை ஏற்று ஏற்றுக் கீழறை விரிகிறது. ஆனால் பின்வழி எளிதாகத் திறந்திருப்பதால், கீழறை வெளியேற்றும் இரத்தத்தின் விழுக்காடு எக்கோ பரிசோதனையில் இயல்பாகவே தெரியும். தசை தளர்ந்துவருவது அந்த எண்ணில் தென்படாது. புதிய வால்வு பின்வழியை அடைத்ததும், எல்லா இரத்தத்தையும் உயர் அழுத்தமுள்ள மகாதமனிக்குள்தான் தள்ள வேண்டும். அப்போது அந்த விழுக்காடு குறைகிறது. இதை அறுவையின் தோல்வி என்று குடும்பத்தினர் அஞ்சுவதுண்டு. பல நேரங்களில் முன்பே இருந்த பலவீனம்தான் வெளிப்படுகிறது. இதழ்களின் பழுதால் வரும் கடுமையான கசிவில், கீழறை வெளியேற்றும் அளவு 60 விழுக்காடாகவோ அதற்குக் கீழோ இறங்கினாலும், சுருங்கிய நிலையில் கீழறையின் விட்டம் 40 மி.மீ.யை எட்டினாலும், தொந்தரவு ஏதும் இல்லாதவருக்கும் அறுவை பரிந்துரைக்கப்படுவது இதனால்தான்.

இழைகளின் பங்கும் சிறிதன்று. இதழ்களிலிருந்து கிளம்பும் நாண் இழைகள், கீழறைச் சுவரிலுள்ள பாப்பில்லரி தசைகளில் சேர்கின்றன. கீழறை தன் வடிவத்தைக் காக்கவும் வலுவாகச் சுருங்கவும் இந்தப் பிணைப்பு உதவுகிறது. ஆல்பர்ட் ஸ்டாரும் லோவல் எட்வர்ட்ஸும் உருவாக்கிய பந்து வால்வு 1960-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டபின் இச்சிகிச்சை பரவியது. தொடக்கத்தில் இழைகளை முழுதாக வெட்டி அகற்றுவதே வழக்கம். அவற்றைக் காக்க வேண்டும் என்று அறுவை மருத்துவர் வால்டன் லில்லிஹை 1960-களிலேயே வலியுறுத்தினார். இன்று இயன்றவரை, குறைந்தது பின் இதழின் இழைகளையாவது விட்டுவைக்கிறார்கள். சுண்ணாம்பு படிந்த ருமாட்டிக் வால்வுகளில் அது எப்போதும் முடிவதில்லை.

பொருத்தப்படும் வால்வுக்கும் அதனதன் விலை உண்டு. திசு வால்வு காலப்போக்கில் தேயும். இளவயதினருக்கு இன்னும் விரைவாக. உலோக வால்வு நீடித்து உழைக்கும். ஆனால் வாழ்நாள் முழுதும் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய, 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, இத்தகைய வால்வை இந்திய ஏழைகளுக்கு எட்டச் செய்தது. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் இரத்தம் உறைந்து வால்வின் அசைவே நின்றுவிடலாம், பக்கவாதம் வரலாம், மிகுந்தால் இரத்தக்கசிவு.

ஆகவே, கசிவு உள்ள நோயாளியிடம் மூச்சு வாங்கும்வரை காத்திருக்கச் சொல்வது தவறு. அறுவையோடு சிகிச்சை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. அறுவைச் செலவை ஏற்கும் அரசுக் காப்பீடு, அதன்பின் வேண்டிய எக்கோவையும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் வட்ட மருத்துவமனைகளிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும்.